இரும்புச் சாவிக்கு அடங்குமா காக்காய் வலிப்பு?

பஸ் நிலையம். மாலை நேரம். நல்ல கூட்டம்.

பஸ்சுக்காகக் காத்து நின்ற ஒரு வாலிபர் திடீரென்று கீழே விழுகிறார். கண்கள் மேலே செருகுகின்றன. பற்கள் கிட்டிக்கொள்கின்றன. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது.

"இரும்பு! இரும்பு! யாராவது இரும்பு கொடுங்கப்பா!" என்று ஒருவர் கத்துகிறார்.

வெற்றிலைபாக்குக் கடைக்காரர் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து வீசுகிறார். அதை வாலிபரின் கையில் வைத்து அழுத்துகிறார்கள். இரண்டு நிமிடம் ஆகிறது. இழுப்பு நிற்கிறது. வாலிபர் நீண்ட மூச்சு விடுகிறார்.

"பார்த்தீர்களா? இரும்பு பட்டதும் அடங்கிவிட்டது!"

எல்லோரும் தலையை ஆட்டுகிறார்கள். கூட்டம் கலைகிறது.

எந்த ஊரிலும் நடக்கும் காட்சி இது. இதில் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். சாவி கொடுத்தாலும் நிற்கும். கொடுக்காவிட்டாலும் நிற்கும். விளக்குமாற்றைக் கொடுத்திருந்தாலும் நின்றுதான் இருக்கும். பெயர் மட்டும் சாவிக்கு!

மந்திரித்துக் கயிறு கட்டுகிறவருக்கும் இப்படித்தான் பெயர் கிடைக்கிறது. வலிப்பு நாள்தோறும் வருவது அல்ல. ஒரு முறை வந்து மறுமுறை வருவதற்குள் மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் கட்டிய கயிறு எல்லாம் பலித்ததாகவே தோன்றும்.

சாவி செய்யும் கெடுதல் இதுதான். அது நோயாளியைக் கடிப்பதில்லை. ஆனால் "வைத்தியம் முடிந்தது" என்று வீட்டாரை நினைக்க வைத்துவிடுகிறது. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயை முறையாகக் கண்டறிந்து வைத்தியம் செய்தால், அவர்களில் 100-க்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழமுடியும் என்றும் அதே நிறுவனம் கூறுகிறது. வைத்தியம் கிடைக்காமல் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏழை நாடுகளில் இருக்கிறார்கள். மாத்திரை இருக்கிறது. விலையும் அதிகம் இல்லை. நடுவில் நிற்பது சாவிக்கொத்து!

வலிப்புக்கும் கதவுக்கும் சம்பந்தம் உண்டு என்பது என்னவோ உண்மைதான். ஆனால் அந்தக் கதவு மூளைக்குள் இருக்கிறது.

உப்பில் இருந்து மின்சாரம்

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டி பாட்டரி. டார்ச் லைட்டில் போடும் பாட்டரியின் சக்தி ஒன்றரை வோல்ட். நரம்பு செல்லின் சக்தி அதில் சுமார் இருபதில் ஒரு பங்கு.

இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? உப்பில் இருந்து வருகிறது!

சமையல் உப்பில் இருப்பது சோடியம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் நிறைய இருப்பது பொட்டாசியம். இரண்டும் நம் உடம்பில் கரைந்து இருக்கின்றன. செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம். செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் அதிகம். கரைந்த உப்பின் ஒவ்வொரு துகளிலும் மின்சாரம் இருக்கிறது.

செல்லின் சுவரில் மிக மிகச் சிறிய கதவுகள் உள்ளன. "அயான் சானல்" என்று டாக்டர்கள் சொல்வது இந்தக் கதவுகளைத்தான். சோடியத்துக்குத் தனிக் கதவு. பொட்டாசியத்துக்குத் தனிக் கதவு. ஆண்கள் வரிசையில் பெண்கள் நிற்கமுடியாதது போல, ஒன்றின் வாசலில் மற்றது நுழைய முடியாது.

சோடியக் கதவு திறந்தால், வெளியே காத்திருக்கும் சோடியம் மளமளவென்று உள்ளே பாய்கிறது. செல்லில் மின்சாரம் ஏறுகிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் அந்தக் கதவு மூடிக்கொள்கிறது. உடனே பொட்டாசியக் கதவு திறக்கிறது. பொட்டாசியம் வெளியேறுகிறது. செல் அமைதி அடைகிறது.

அவ்வளவுதான் விஷயம். நினைப்பதும், நடப்பதும், அழுவதும் இந்தக் கதவுகளால்தான். இந்த வரியைப் படிக்கும் கண்ணுக்குப் பின்னாலும் அவை திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கின்றன.

மூட வேண்டிய கதவு சரியாக மூடாவிட்டால்? அமைதிப்படுத்த வேண்டிய கதவு திறக்காவிட்டால்? அந்தச் செல் ஓயாமல் மின்சாரத்தைக் கக்குகிறது. பக்கத்துச் செல்லையும் தூண்டிவிடுகிறது. ஊர்க் கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராகப் பேசினால் விஷயம் புரியும். எல்லோரும் சேர்ந்து ஒரே நேரத்தில் கத்தினால் என்ன ஆகும்? மூளையில் நடக்கும் அந்தக் கூச்சல்தான் வலிப்பு. பேயும் இல்லை, பில்லி சூனியமும் இல்லை.

கணவாய் மீனின் நரம்பு

இதைக் கண்டுபிடிக்க உதவியது கடலில் வாழும் கணவாய்!

மனித நரம்பின் இழை தலைமுடியை விட மெல்லியது. அதற்குள் கம்பியை நுழைக்கமுடியாது. ஆனால் கணவாயின் உடம்பில் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் உள்ள நரம்பு இழை இருக்கிறது. எதிரியைக் கண்டதும் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு தப்பி ஓட அது பயன்படுகிறது.

1939-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிளிமத் கடற்கரையில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில், ஆலன் ஹாட்ஜ்கின், ஆண்ட்ரு ஹக்ஸ்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்த இழைக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து மின்சாரத்தை அளந்தார்கள். சில வாரங்களிலேயே உலகப் போர் மூண்டது. ஆராய்ச்சி நின்றது. போர் முடிந்த பிறகு திரும்பி வந்து தொடர்ந்தார்கள். 1952-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஹக்ஸ்லி, கையால் சுற்றும் கணக்கு யந்திரத்தை நாள்கணக்கில் சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டார். 1963-ம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் அதிசயம் என்னவென்றால், அவர்கள் கதவைக் கண்ணால் பார்க்கவில்லை. "இப்படி ஒரு கதவு இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்" என்று சொன்னார்கள். 1976-ம் ஆண்டு ஜெர்மனியில் எர்வின் நேயர், பெர்ட் சாக்மன் என்ற இருவர், நுண்ணிய கண்ணாடிக் குழாயின் நுனியைச் செல்லின் சுவரில் ஒட்டவைத்து, ஒரே ஒரு கதவு திறந்து மூடுவதை அளந்து காட்டினார்கள். கணக்கு பொய்க்கவில்லை. அவர்களுக்கு 1991-ம் ஆண்டு நோபல் பரிசு.

முதலில் வந்தது மருந்து

கதவு தெரிவதற்கு முன்பே மருந்து வந்துவிட்டது. அதுவும் ஒரு வேடிக்கை.

1938-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மெரிட், புட்னம் என்ற இரு டாக்டர்கள், பூனைகளுக்கு லேசான மின்சாரம் கொடுத்து, எந்த மருந்து வலிப்பைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அப்படிக் கிடைத்ததுதான் பெனிடாயின். இன்றும் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் மாத்திரை அது. அது எப்படி வேலை செய்கிறது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓயாமல் திறந்து மூடும் சோடியக் கதவில் போய் அது ஆப்பு வைக்கிறது. அளவாக வேலை செய்யும் கதவுகளை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை.

"காரணம் தெரியாமலே மருந்து கொடுத்தார்களே, சாவிக்கொத்தை மட்டும் ஏன் குறை சொல்லவேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாஸ்டன் டாக்டர்கள், மருந்து கொடுத்தபோது என்ன நடந்தது, கொடுக்காதபோது என்ன நடந்தது என்று இரண்டையும் எண்ணிப் பார்த்தார்கள். சாவி கொடுக்கிறவர்கள் ஒரு பக்கத்தை மட்டுமே எண்ணுகிறார்கள். கொடுக்காவிட்டாலும் நிற்குமா என்று பொறுத்துப் பார்த்தவர் யாரும் இல்லை!

பக்கத்து வீட்டு மாத்திரை

மாத்திரை நல்லது என்றால் எல்லோருக்கும் ஒரே மாத்திரை போதுமா? போதாது. சில சமயம் அது விபரீதமாகவும் முடியும்.

காய்ச்சலின்போது ஒருமுறை இழுப்பு வரும் குழந்தைகள் பலர். அவர்களில் பெரும்பாலோருக்கு வளர்ந்தபின் ஒன்றும் இருக்காது. ஆனால் சில குழந்தைகளுக்கு, ஒரு வயது நிறைவதற்குள்ளேயே நீண்ட நேரம் வலிப்பு வரும். திரும்பத் திரும்ப வரும். வெந்நீரில் குளிப்பாட்டினால்கூட வரும். இந்த நோயைப் பிரான்ஸ் நாட்டு லேடி டாக்டர் சார்லட் டிராவே 1978-ம் ஆண்டு தனியாகப் பிரித்துக் காட்டினார். 2001-ம் ஆண்டு பெல்ஜியத்தில் அதன் காரணம் தெரிந்தது. சோடியக் கதவு ஒன்றைச் செய்வதற்கான ஜீனில் பழுது!

சோடியக் கதவு குறைந்தால் மின்சாரம் குறையத்தானே வேண்டும்? வலிப்பு ஏன் வருகிறது? இங்கேதான் சூட்சுமம். மூளையில் முடுக்கிவிடும் செல்களும் உண்டு. பிரேக் போடும் செல்களும் உண்டு. இந்தக் கதவை அதிகமாக நம்பி இருப்பவை பிரேக் போடும் செல்கள். இந்தக் குழந்தைகளிடம் பாதிக் கதவுகள்தான் வேலை செய்கின்றன. அதனால் பிரேக் பிடிப்பதில்லை. அந்தக் குழந்தைக்குப் பெனிடாயின் கொடுத்தால் மீதி இருக்கும் கதவுகளும் அடைபடும். வலிப்பு கூடிவிடும்.

ஒரு குழந்தையைக் காப்பாற்றும் மாத்திரை மற்றொரு குழந்தைக்கு ஆகாது. "எங்கள் பையனுக்கு இதுதான் கேட்டது" என்று பக்கத்து வீட்டு அக்கா அன்போடு கொடுக்கும் மாத்திரையை அன்போடு மறுத்துவிடுவதே நல்லது.

மற்றொரு விஷயமும் உண்டு. இந்த ஜீன் பழுது பெரும்பாலும் தாயிடம் இருந்தோ, தகப்பனிடம் இருந்தோ வருவதல்ல. குழந்தை கருவாகும்போது புதிதாக ஏற்படுவது. "எந்தப் பிறவியில் செய்த பாவமோ" என்று தாயைக் குத்திப் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டியும் வலிப்பும்

பஸ் நிலையத்து வாலிபரிடம் திரும்புவோம்.

குழந்தைப் பருவத்தில் வலிப்பே வராதவர், முப்பது நாற்பது வயதில் முதல்முறையாக விழுந்தால், சும்மா விடக்கூடாது. கண்டிப்பாகத் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கவேண்டும்.

பயப்பட வேண்டாம். வலிப்பு வந்தவருக்கெல்லாம் மூளையில் கட்டி என்று அர்த்தம் இல்லை. பழைய தலைக்காயம் காரணமாக இருக்கலாம். நம் நாட்டில் நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போய், அதன் குஞ்சு மூளையில் தங்குவதாலும் வலிப்பு வருகிறது. ஆனால் சிலருக்குக் கட்டி இருக்கத்தான் செய்கிறது. மெதுவாக வளரும் "கிளியோமா" என்ற வகைக் கட்டி உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலிப்பு வருகிறது. பலருக்கு அதுவே முதல் அடையாளம். தலைவலிகூட இருக்காது.

கட்டி ஏன் வலிப்பை உண்டாக்குகிறது? மூளையை அழுத்துவதால் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். அது பாதி உண்மை. கட்டியின் செல்களும் இந்தக் கதவுகளை வைத்துக்கொண்டு திருட்டு வேலை செய்கின்றன!

மூளையில் செல்லுக்கும் செல்லுக்கும் இடையே இருப்பது மிகக் குறுகிய சந்து. கிளியோமா செல், தன் கதவுகளைத் திறந்து குளோரைடையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளுகிறது. அவற்றோடு தண்ணீரும் வெளியேறுகிறது. செல் சுருங்குகிறது. சந்தில் நுழைந்து அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் ஹரால்ட் சொன்டைமர் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். ஒருவகைப் பாலைவனத் தேளின் விஷத்தில் உள்ள ஒரு சரக்கு, நல்ல மூளைச் செல்லை விட்டுவிட்டுக் கிளியோமா செல்லில் போய் ஒட்டிக்கொள்வதையும் அவருடைய குழு கண்டது. தேள் விஷத்துக்கும் ஒரு வேலை கிடைத்தது! அந்தச் சரக்கோடு ஒளிவிடும் சாயத்தைச் சேர்த்து, ஆபரேஷனின்போது கட்டியை அடையாளம் காணும் முயற்சி பிறகு நடந்தது.

கட்டியின் அடுத்த வேலை இன்னும் மோசம். குளுட்டமேட் என்ற பொருளை அது அளவுக்கு மேல் கக்குகிறது. குளுட்டமேட் பட்டால் அக்கம்பக்கத்து நரம்பு செல்களின் கதவுகள் திறந்துகொள்ளும். அவை வெறிபிடித்தது போல மின்சாரத்தைக் கக்கும். அதுதான் வலிப்பு. அளவு மீறினால் அந்தச் செல்கள் செத்தே போகும். காலியான இடத்தில் கட்டி குடிபுகும்.

2019-ம் ஆண்டு வந்த செய்தி எல்லோரையும் திடுக்கிட வைத்தது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டிலும் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கிலும் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அதை வெளியிட்டன. நரம்பு செல்கள் கட்டியின் செல்களோடு நேரடியாக இணைப்பு வைத்திருக்கின்றன! மெயின் கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் திருடுவது போல, மூளையின் மின்சாரத்தைத் திருடிக் கட்டி வளர்கிறது. கட்டி வலிப்பை உண்டாக்குகிறது. மின்சாரம் கட்டியை வளர்க்கிறது. ஒன்றுக்கொன்று உடந்தை!

அந்த இணைப்பில் உள்ள கதவை அடைக்கும் மாத்திரை ஒன்று முன்பே இருந்தது. பெராம்பனெல் என்று பெயர். வலிப்புக்காக 2012-ம் ஆண்டு அனுமதிக்கப்பட்டது. அதைக் கட்டி உள்ள எலிகளுக்குக் கொடுத்தபோது கட்டி வளரும் வேகம் குறைந்தது. எலி வேறு, மனிதர் வேறு. இதை வைத்துக்கொண்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓடக்கூடாது. ஆனால் கட்டி உள்ளவருக்கு வரும் வலிப்பை "சின்ன விஷயம்" என்று இனித் தள்ளிவிட முடியாது.

முதல் வலிப்பிலேயே ஸ்கேன் எடுத்தால், கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரியும். அதை எடுத்தபின் வலிப்பும் நின்றுபோனவர்கள் பலர். சாவியை நம்பி ஒரு வருடம் ஓட்டினால், அந்த ஒரு வருடமும் கட்டிக்குத்தான் லாபம்.

மஞ்சள் பையில் மாத்திரை

வலிப்பை விட அதை மறைப்பது இந்த நாட்டில் பெரிய நோய். அதிலும் பெண் பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம்.

சட்டமே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1976-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியபோது, திருமணத்துக்குத் தடையான காரணங்களில் பைத்தியத்தோடு வலிப்பையும் சேர்த்தார்கள். 1999-ம் ஆண்டுதான் அதை நீக்கினார்கள். 23 ஆண்டுகள்! சட்டம் திருந்திவிட்டது. சம்பந்தம் பேசுகிற வீடுகள் இன்னும் திருந்தவில்லை.

சொல்லாமல் கல்யாணத்தை முடிக்கிறார்கள். மாத்திரையை மஞ்சள் பையில், புடவைக்கு அடியில் ஒளித்து அனுப்புகிறார்கள். புது வீட்டில் மாமியார் இருக்கிறார், நாத்தனார் இருக்கிறார். இரண்டு வேளை தவறுகிறது. ஒரு வாரம் தவறுகிறது. மருந்து திடீரென்று நின்றால், அடக்கி வைத்திருந்த கதவுகள் எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். வராமல் இருந்த வலிப்பு, வரக்கூடாத இடத்தில் வரும். அடுப்படியில் வரும். கிணற்றடியில் வரும்.

சில மாத்திரைகள் கர்ப்பமான பெண்ணுக்கு ஆகாது. முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார். கணவனுக்கே தெரியாத விஷயத்தை டாக்டரிடம் யார் சொல்வது? மறைத்துக் கட்டிவைத்த தாய் தகப்பன், மகளுக்கு நல்லது செய்ததாக நினைக்கிறார்கள். அவளைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்பதுதான் உண்மை. கேட்டதும் எழுந்து போகிற மாப்பிள்ளை வீட்டார் முன்பே போய்விடுவது நல்லது.

அந்த இரண்டு நிமிடம்

சரி, கண் முன்னால் ஒருவர் விழுந்துவிட்டார். என்ன செய்வது?

கூட்டத்தை விலக்குங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நுரை வெளியே வழியட்டும். கையையும் காலையும் அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி, துணி எதையும் திணிக்காதீர்கள். பல்தான் உடையும். நன்றாக நினைவு வரும்வரை தண்ணீரோ சோடாவோ கொடுக்கக்கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுப்பு நீடித்தாலும், நினைவு வருவதற்குள் மறுபடி வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

சாவியைத் தேடும் கண்கள் கடிகாரத்தைப் பார்க்கட்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது? எத்தனை நிமிடம் இருந்தது? எந்தக் கை முதலில் துடித்தது? முகம் எந்தப் பக்கம் திரும்பியது? விழுந்தவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருந்தவருக்குத்தான் தெரியும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவருடைய சட்டைப் பையில் வைத்தால் போதும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். வலது கை முதலில் துடித்தது என்று எழுதியிருந்தால், மூளையின் இடது பக்கத்தில் அவர் தேடத் தொடங்குவார்.